பத்தொன்பது போன், ஒரே பெயர்

அத்தியாயம் 14

நேற்று மதியம் இரண்டரை மணிக்குத் தமிழ்செல்வி எழுதி அனுப்பிய பொய், இன்று காலை எட்டரை மணிக்குள் ஒரு பட்டியலாகி அவள் முன்னால் வந்து நின்றது.

பொய் என்றால் மூன்றே வரிதான்.

‘சானமாவு பக்கம் யானைக் கூட்டம். இன்று ஷிப்ட் பஸ்கள் வேறு வழியில் போகும். உங்கள் ஸ்டாப் எங்கே என்று பார்க்க, கம்பெனி ஐடி, பாஸ்வேர்டு போட்டு உள்ளே வரவும்.’

யானையும் இல்லை, வேறு வழியும் இல்லை. சிப்காட்டில் இருக்கும் பிரேக் கம்பெனியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுப்பார்கள் என்று பார்க்க வைத்த சோதனை அது. கம்பெனியே கேட்டுத்தான் வைத்தார்கள். பிரேக் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் கம்ப்யூட்டருக்குள் திருடன் புக முடியாது என்று நிரூபித்தால்தான் அடுத்த ஆர்டர் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக் காலை அவர்களுடைய ஆடிட்டர் வருகிறார்.

தாஹிரா நடத்தும் சைபர் செக்யூரிட்டி மையத்துக்கு இதுதான் முதல் பெரிய வேலை. ஓசூரில், பாகலூர் ஹட்கோ குடியிருப்பில், ஒரு டயர் கடையின் மாடியில், பன்னிரண்டு பேர் வேலை செய்யும் மையம். பதினொரு வருஷம் பெங்களூரில் இதே வேலையைச் செய்துவிட்டு ஊர் திரும்பியவள் தாஹிரா. “ஓசூர்ல இத்தனை கம்பெனி இருக்கு. பூட்டு சரியா இருக்கான்னு பாக்க மட்டும் ஏன் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், பெங்களூர்ல இருந்து ஆள் வரணும்?” என்று கேட்டுக்கொண்டே, பாலிடெக்னிக் முடித்த பெண்களையும் போன் கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்கிக் கொண்டிருந்த பெண்களையும் கூட்டிவந்து ஆறு மாசம் பயிற்சி கொடுத்து உட்கார வைத்திருக்கிறாள். தமிழ்செல்வியும் அப்படி ஸ்க்ரூவை விட்டு வந்தவள்தான்.

யானை என்று எழுதச் சொன்னது யாருமில்லை. அது அவளுடைய மூளை. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்கினால் ராயக்கோட்டை ரோட்டில் பஸ் நிற்கும் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பரிசு விழுந்திருக்கிறது என்றால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். யானை என்றால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

சிரிக்கவில்லை. அறுபத்து நான்கு பேர் ஐடியைக் கொடுத்துவிட்டார்கள்.

“செல்வி, இங்க பாரு.” தாஹிரா டீ டம்ளரோடு வந்து அவள் தோளுக்கு மேலே குனிந்தாள். “இது என்னா, ஒரே ஐடி பத்தொன்பது தடவை வந்திருக்கு?”

தமிழ்செல்வி பார்க்காமலே தெரிந்துகொண்டாள். நேற்று ராத்திரியே தெரியும்.

“பத்தொன்பது போன்ல இருந்து ஒரே ஐடி. லைன் மூணு, சூப்பர்வைசர். யாருப்பா இந்த மனுஷன்? பத்தொன்பது போன் வச்சுக்கிட்டு கடை நடத்துறாரா?”

பக்கத்து சீட்டில் இருந்த வினிதா சிரித்தாள். தமிழ்செல்வியும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டாள்.

அந்த மனுஷனிடம் ஒரு போன்தான் இருக்கிறது. அதுவும் பட்டன் போன். தங்கதுரை, அவளுடைய அப்பா.

நேற்று ராத்திரி சாப்பாட்டில் அவர் சொன்னது இன்னும் காதில் இருந்தது. “யானைன்னு ஏதோ மெசேஜ் வந்துருச்சு வீரா. கேட்டுப் பக்கத்துல எல்லாப் புள்ளைகளும் பயந்துபோயி நிக்குதுக. உள்ள போயிப் பாக்கணும்னா ஐடி கேக்குதாம். கான்ட்ராக்ட்டு ஆளுகளுக்கு ஏது ஐடி? எப்பவும் போல எம் ஐடியவே போடுங்கத்தா, வெரசா போயிச் சேருங்கன்னேன்.”

அம்மா வீரலட்சுமி, “நல்லாச் செஞ்சீக” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றினாள். தமிழ்செல்வி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சோதனை நடக்கும்போது வீட்டில்கூட வாய் திறக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

இன்னொன்றையும் எழுதிக் கொடுத்திருந்தாள். ‘இந்தக் கம்பெனியில் எனக்கு உறவினர் யாரும் இல்லை.’

தூண்டில் மெசேஜ் எழுதும் வேலை தனக்கே வர வேண்டும் என்ற ஆசையில் போட்ட கையெழுத்து.

*

ஒன்பது மணிக்கு அம்மா போன் செய்தாள். வேலை நேரத்தில் அவள் போன் செய்வதே கிடையாது. பாகலூர் பக்கத்தில் ரோஜாப்பூ பேக்கிங் ஷெட்டில் வேலை. பூவைக் கையில் எடுத்துவிட்டால் போனை எடுக்க விட மாட்டார்கள்.

“பாப்பா, வேலையா இருக்கியா?”

“சொல்லும்மா.”

“ஒங்கப்பா ஐடிய காலையில பூட்டிட்டாங்களாம். லைனே நின்னு போச்சாம். அவரு லைன்ல வேலை செய்யுற மாரம்மா இப்பத்தான் போன் போட்டுச்சு. ஒங்கப்பாவ மேல ஆபீசுல உக்கார வச்சிருக்காங்களாம்டி.”

தமிழ்செல்வி எழுந்து மாடிப்படிக்கு வந்துவிட்டாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கிற சத்தம்.

“எதுக்கு உக்கார வச்சிருக்காங்க?”

“ஏதோ பேப்பர்ல கையெழுத்துக் கேக்குறாங்களாம். தானா வேலைய விட்டுப் போறேன்னு.” அம்மாவின் குரல் உடைந்து மறுபடி நேரானது. “இருவத்தோரு வருசம்டி. ஒரு நாளு லேட்டாப் போயிருப்பாரா? இன்னும் ரெண்டு வருசத்துல மாலை போட்டு அனுப்ப வேண்டிய மனுசன். களவாணி மாதிரி வெளிய போகச் சொல்றாங்க. ஒனக்குத்தான் இந்தக் கம்ப்யூட்டர் பூட்டெல்லாம் தெரியுமே. யாருகிட்டயாச்சும் பேசிப் பாரேன்.”

தெரியும். அந்தப் பூட்டைப் போட வைத்ததே அவள்தான். தூண்டிலில் சிக்கிய ஐடிகளை மறுநாள் காலைக்குள் பூட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். திருடன் கைக்குப் போன சாவியை யாரும் விட்டு வைப்பதில்லை. பூட்டுவதற்காகக் கொடுத்த அந்தப் பட்டியலைத்தான் யாரோ ஆளைப் பிடிப்பதற்கு எடுத்துக்கொண்டார்கள்; அதில் அதிகம் வந்த ஐடி அப்பாவுடையது.

“பாக்குறேம்மா” என்றாள்.

உள்ளே வந்தபோது தாஹிராவின் போனில் ஒரு ஆண் குரல் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தது. பிரேக் கம்பெனியின் பிளான்ட் மேனேஜர் ஜெகதீஷ்.

“...மேடம், ஆடிட்டருக்கு நீளமா எதுவும் வேண்டாம். ஒரு சூப்பர்வைசரோட தனிப்பட்ட கவனக்குறைவு, நிர்வாகம் உடனே நடவடிக்கை எடுத்துடுச்சு. ரெண்டே வரி. போதும்.”

“நாங்க ஆள் பேர் எழுதறதில்ல சார். ஒப்பந்தத்துலயே இருக்கு.”

“பேர் நீங்க எழுத வேண்டாம், நாங்க பாத்துக்கறோம். நீங்க ‘ஒருவர்’னு எழுதுங்க.” கொஞ்சம் நிறுத்தினார். “சிப்காட்ல இன்னும் ஏழு கம்பெனி என்கிட்ட கேட்டுட்டு இருக்காங்க, ஓசூர்ப் பொண்ணுங்க நல்லாப் பண்ணுதான்னு. நான் என்ன சொல்லட்டும்?”

“நாலு மணிக்கு ரிப்போர்ட்டோட வர்றேன் சார்.”

தாஹிரா போனை வைத்தாள். ஏழு கம்பெனி என்றால் இன்னும் முப்பது பெண்களுக்கு வேலை. கற்றுக்கொண்டதும் அத்திப்பள்ளியைத் தாண்டி ஓடுகிற பிள்ளைகள் ஓடாமல் இங்கேயே இருப்பார்கள். அது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

“செல்வி, நீ எழுது. உள்ளத உள்ளபடி எழுது.”

*

அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை.

அறுபத்து நான்கு பேர் ஐடி கொடுத்தார்கள். அதில் சொந்த ஐடி கொடுத்தவர்கள் பதினெட்டுப் பேர். மீதி நாற்பத்தாறு பேருக்குச் சொந்த ஐடியே இல்லை. அவர்கள் கொடுத்தது தங்கள் சூப்பர்வைசருடைய ஐடி. லைன் மூன்றில் பத்தொன்பது. லைன் ஒன்றில் பதினொன்று. மற்ற மூன்று லைன்களில் எட்டு, ஐந்து, மூன்று. எந்த லைனில் கான்ட்ராக்ட் ஆட்கள் அதிகமோ அந்த லைனில் எண்ணிக்கையும் அதிகம்.

ஐந்து சூப்பர்வைசர்களும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்கள் என்றால், அது ஐந்து பேருடைய தப்பு இல்லை. ஒவ்வொரு மணிக்கும் எத்தனை பீஸ் ஓடியது என்று லைனில் இருக்கும் டேப்லெட்டில் போடாமல் லைன் ஓடாது. போடுவதற்கு ஐடி வேண்டும். கம்பெனி கான்ட்ராக்ட் ஆட்களுக்கு ஐடி வாங்கித் தரவில்லை. அதனால் ஷிப்ட் மாறும்போது கையுறையை மாற்றிக் கொடுப்பது போல ஐடியையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தாஹிரா அதைப் படித்து முடித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

“பெங்களூர்ல பெரிய பெரிய ஆளுங்க ரிப்போர்ட் பாத்திருக்கேன். மெஷின்ல என்ன ஓட்டைன்னு எழுதுவாங்க. ஷிப்ட் எப்படி மாறுதுன்னு ஒருத்தனும் எழுதினதில்ல. இத நீயே வந்து அந்த ஆளு முன்னாடி சொல்லு.”

தமிழ்செல்வி தலை குனிந்தாள். இதைச் சொன்னால் அப்பா தப்பித்துவிடுவார். யார் சொன்னது என்று விசாரித்தால் இரண்டு பேரும் மாட்டிக்கொள்வார்கள். அதோடு இந்த மையமும்.

“அக்கா, ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“லைன் மூணு சூப்பர்வைசர் எங்கப்பா.”

தாஹிரா டம்ளரை மேஜையில் வைத்தாள்.

“அன்னைக்கு எல்லாரையும் உக்கார வச்சு, இந்தக் கம்பெனியில யாருக்காச்சும் சொந்தக்காரங்க இருந்தா கைய தூக்குங்கன்னு கேட்டேன்ல?”

“கேட்டீங்க.”

“அப்ப உன் கை எங்க இருந்துச்சு?”

“மடியில.”

வினிதா நாற்காலியைத் திருப்பினாள். “அக்கா, நாம சொல்லாட்டி யாருக்குத் தெரியப் போகுது? கணக்கு ஒண்ணும் பொய் இல்லியே.”

“அதான் கொடுமை. ஒரு வரி பொய் இல்ல.” தாஹிராவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தமிழ்செல்விக்குப் பரவாயில்லாமல் இருந்திருக்கும். “ஆனா இவ எழுதினதுனாலயே இது செத்துப் போச்சு. அப்பனைக் காப்பாத்த மக எழுதின பேப்பர்னு தூக்கிப் போட்டுருவான். அடுத்தவங்க மறைக்கறதக் கண்டுபுடிக்கறதுதான் நம்ம வேலை. நாமளே மறைச்சா, நாளைக்கு எவன் நம்மள உள்ள விடுவான்?”

“அக்கா...”

“எழுந்திரு செல்வி. அந்த மெஷினத் தொடாத.”

தமிழ்செல்வி எழுந்தாள்.

“வினிதா, அவ எழுதினதப் பாக்காத. வந்த தகவல எடுத்து முதல்ல இருந்து நீ எண்ணு. மூணரைக்குள்ள முடியணும்.” தாஹிரா அவளை உற்றுப் பார்த்தாள். “உனக்கு மதியம் பல்வலி, லீவு வேணும்னு கேட்டியே?”

மதியம் எலெக்ட்ரானிக் சிட்டியில் வினிதாவுக்கு இன்டர்வியூ என்பது மாடியில் எல்லோருக்கும் தெரியும். தாஹிராவுக்கும் தெரியும் என்பது வினிதாவுக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

“பல்வலி சரியாப் போச்சுக்கா” என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கிரீன் பக்கம் திரும்பினாள்.

மூன்று மணி நேரம் தமிழ்செல்வி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு லாரி டயர் மாட்டி முடித்துப் போனது. இன்னொரு லாரி வந்தது. அப்பாவின் போனுக்கு நான்கு தடவை அடித்தாள். ஆபீஸுக்குள் போகும்போது போனை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

மூன்று இருபதுக்குக் கதவு திறந்தது.

“பத்தொன்பது, பதினொண்ணு, எட்டு, அஞ்சு, மூணு” என்றாள் வினிதா. “அதே கணக்குதான்டி.”

*

பிரேக் கம்பெனி கேட்டில் தாஹிராவும் வினிதாவும் உள்ளே போனார்கள். தமிழ்செல்வி வெளியே நின்றாள். அப்படித்தான் தாஹிரா சொல்லியிருந்தாள். “வா. ஆனா கேட்டத் தாண்டாத.”

ஷேர் ஆட்டோவில் அம்மா வந்து இறங்கினாள். ஷெட்டில் கட்டுகிற ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. விரல்களில் முள் கீறிய கோடுகள்.

“யாருகிட்டயாவது பேசுனியா?”

“எங்க அக்கா உள்ள போயிருக்காங்க.”

“ஒங்க அக்காவா? அவுகளுக்கும் இந்தக் கம்பெனிக்கும் என்ன?”

இனி மறைக்க இடமில்லை. தமிழ்செல்வி சொன்னாள். சோதனை, மெசேஜ், பூட்டு, எல்லாம். முடிந்ததும் அம்மா கேட்டாள்.

“அந்த யானைய நீயா எழுதுன?”

“ஆமாம்மா.”

“நேத்து ராத்திரி அவரு ஏதோ பெரிய நல்லது பண்ணுன மாதிரி சொல்லிக்கிட்டு இருந்தாரே. எதுக்க உக்காந்து சோத்தப் பெசஞ்சுக்கிட்டுத்தான இருந்த?”

“வெளிய சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்கம்மா.”

“எல்லாத்துக்கும் ஒரு கையெழுத்து வச்சிருக்கீங்கடி.” அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “பரிசு, பணம்னு எழுதியிருந்தா அது ஆசப்பட்டவளுக்கு வந்த வினைன்னு விட்டுறலாம். நீ பயத்துல கை வச்சிருக்க. நாளைக்கு நெசமாவே யானை எறங்கி, பாரஸ்ட்டுக்காரன் மெசேஜ் அனுப்புனா, எவ நம்பி நிப்பா?”

இந்தக் கேள்வி ரிப்போர்ட்டில் இல்லை. தாஹிராவும் கேட்கவில்லை, வினிதாவும் கேட்கவில்லை.

காலையில் லைன் நின்றதை ஈடுகட்ட, முதல் ஷிப்ட் ஆட்களை ஐந்து மணி வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஷிப்ட் பஸ் கேட்டுக்கு வெளியே வந்து நின்றபோது மணி ஐந்தேகால். அப்போதுதான் வினிதாவோடு தாஹிரா வெளியே வந்தாள். வாய் இறுகிப் போயிருந்தது.

“நீ யாருன்னு போன உடனே நானே சொல்லிட்டேன். உன்ன இந்த வேலையில இருந்து எடுத்துட்டோம், வேற ஆள் எண்ணினதுன்னும் சொன்னேன். சிரிச்சான். அப்புறம் வினிதா கணக்க வச்சா. சிரிப்பு நின்னுடுச்சு.”

“அப்பா?”

“ஐடிய எல்லாருக்கும் குடுக்கச் சொன்னது கம்பெனிதான்னு உங்கப்பா சொன்னாரு. ஜெகதீஷே லைனுக்கு வந்து சொன்னாராம், ரெண்டு வருஷம் முன்னாடி. அந்த ஆளு கைய விரிச்சான். எழுத்துல இருக்கா, சாட்சி இருக்கான்னு கேட்டான்.” தாஹிரா மூச்சை இழுத்து விட்டாள். “ஏழு கம்பெனியும் போச்சு. அது கிடக்கட்டும். ஆறு மணிக்கு ரிப்போர்ட் நேரா ஆடிட்டருக்குப் போகணும், அது ஒப்பந்தம். உங்கப்பா நடந்தத எழுதிட்டு இருக்காரு. கூட இருந்து கேட்டவங்க ஒருத்தர் அதுல கையெழுத்துப் போட்டா, ரிப்போர்ட்டோட சேத்து அனுப்புவேன். ஆடிட்டர் கேட்டே ஆகணும். தனியாப் போனா அது வெறும் புகார். நாளைக்குக் காலையில அந்த ராஜினாமாவுல கையெழுத்து வாங்கிடுவாங்க.”

“இன்னும் போடலையே?”

“போடல.”

தங்கதுரை வந்தார். கையில் ஒரு வெள்ளைத்தாள். காலையிலிருந்து உட்கார வைத்ததில் நடை கொஞ்சம் பிசகியிருந்தது. மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

“மூணு வரியும் நீயா எழுதுன?”

“ஆமாப்பா.”

“நல்லாத்தான் எழுதியிருந்த. நானே நம்பிட்டேன்.”

அவர் திட்டியிருக்கலாம். அவள் கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கியபோது அவர் ஏற்கெனவே திரும்பி, கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லைன் ஒன்று சூப்பர்வைசர் ராஜப்பன் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பதினெட்டு வருஷமாக இரண்டு பேரும் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

“ராஜப்பா, அன்னைக்கு நீயும் பக்கத்துலதான் நின்ன.”

ராஜப்பன் தாளைப் படித்தார். பேனாவைக்கூட வாங்கினார். பிறகு மேலே பார்த்தார். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் ஜெகதீஷ் நின்றுகொண்டிருந்தார். ஒளியவில்லை. பார்க்க வேண்டும் என்றே நின்றார்.

“துரை... எம் ஐடிலயும் பதினொண்ணு வந்துருக்குதாமே. தையில பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கறன்ப்பா.” பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். “தப்பா நெனச்சுக்காத.”

“போயிட்டு வா” என்றார் தங்கதுரை.

மற்ற மூன்று சூப்பர்வைசர்களும் பின் கேட் வழியாகப் போய்விட்டார்கள் என்று செக்யூரிட்டி சொன்னான். ஐந்து முப்பத்தெட்டு.

பஸ்ஸில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். உத்தனப்பள்ளி, கெலமங்கலம் பக்கத்துப் பெண்கள். ஏறுகிற ஒவ்வொருத்தியும் தங்கதுரையைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு போனாள். ஜன்னல்கள் நிறைந்தன. டிரைவர் ஹாரன் அடித்தான்.

தங்கதுரை தாளை நான்காக மடிக்க ஆரம்பித்தார்.

“இன்னாண்ணா அது?”

படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக மாரம்மா நின்றாள். கெலமங்கலத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சண்டை வந்தால் கன்னடம். நாற்பது வயசிருக்கும். ஆறு வருஷமாகக் கான்ட்ராக்ட்.

“ஒண்ணுமில்ல மாரம்மா. நீ ஏறு.”

“அந்த மேனேஜரு வந்து சொன்னாரே, அதப் பத்தியா எழுதினுகீற?” அவள் இறங்கிவிட்டாள். “நான்தான் டேப்பு கையில வச்சிகினு இருந்தேன். கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கெல்லாம் ஐடி வாங்கித் தர முடியாது, தங்கதுரை ஐடில போட்டுக்கோங்கன்னு என் மூஞ்சியப் பாத்துத்தான் சொன்னாரு. எனக்கு ஞாபகம் இல்லையா? குடு, போடறேன்.”

“வேணாம்.” தங்கதுரை தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “எனக்காச்சும் பேப்பர் குடுத்துக் கையெழுத்துக் கேக்குறாங்க. ஒனக்கு அதுகூடக் கேக்க மாட்டாங்க. நாளைக்கு கேட்டுலயே நிறுத்திருவாங்க.”

“நிறுத்தட்டும்.”

“வெளாட்டுக்குச் சொல்லல மாரம்மா.”

“நான் மட்டும் வெளாட்டா சொல்றனா? ஆறு வருசமா பீஸு ஓட்டறேன். அந்த டேப்புல ஒரு நாளாச்சும் எம் பேரு வந்துச்சா? எல்லாம் உம் பேருதான். நல்லா ஓட்டினாலும் உம் பேரு, நேத்து மெசேஜ்ல ஏமாந்தாலும் உம் பேரு. நான் தட்டினதுக்கு நீ வீட்டுக்குப் போவியா?” அவள் தமிழ்செல்வி பக்கம் திரும்பினாள். “ஏ பாப்பா, பேனா குடு. எம் பேரு ஒரு பேப்பர்லயாச்சும் வரட்டும்.”

தமிழ்செல்வி பேனாவைக் கொடுத்தாள். தாளை வைத்து எழுத இடமில்லை. வீரலட்சுமி முன்னால் வந்து குனிந்து முதுகைக் காட்டினாள். “இதுல வச்சுப் போடுத்தா.”

மாரம்மா மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். தாஹிரா போனை எடுத்துப் பிடித்தாள். மாடிக் கண்ணாடியில் ஜெகதீஷும் போனை எடுத்துப் பிடித்தார். இரண்டு போனுக்கும் நடுவில் அந்தப் பெயர் எழுதி முடிந்தது.

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான். இந்தத் தடவை நீளமாக.

“மாரம்மாக்கா! வர்றியா இல்லையா? ஐயா மேல இருந்து பாக்கறாரு!” பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

மாரம்மா ஏறவில்லை. பேனாவைத் திருப்பித் தராமல், பஸ் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே அந்தப் பத்தொன்பதில் மீதிப் பதினெட்டு முகங்கள். ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள். இன்னொருத்தி ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து நாற்பத்து நான்கு.

உள்ளே இரண்டு மூன்று பேர் சீட்டை விட்டு எழுந்தார்கள்; பஸ்ஸின் இன்ஜின் சத்தம் நின்றது.